கடைசிப் பத்து மீட்டர்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகருக்குத் தெற்கே பீவர்கிரீக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி, அந்த ஊரை ஒட்டிய காட்டில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்து வைத்தார். வாளிக்குள் சில புத்தகங்கள், வீடியோ கேசட்டுகள், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். பிறகு வாளி இருக்கும் இடத்தை இணையத்தில் அறிவித்தார்: வடக்கு 45° 17.460', மேற்கு 122° 24.800'. விதி ஒன்றே ஒன்றுதான். கண்டுபிடித்தவர் உள்ளிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு எதையாவது வைத்துவிட்டுப் போக வேண்டும். மூன்றே நாளில் இரண்டு பேர் தங்கள் ஜிபிஎஸ் கருவியோடு போய் வாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த வாரத்தில் இது நடந்ததற்குக் காரணம் உண்டு. அதுவரை அமெரிக்க ராணுவம், ராணுவத்தினர் அல்லாதவர்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துகொண்டிருந்தது. அதனால் நூறு மீட்டர் வரை இடம் தவறும். நூறு மீட்டர் ஆரமுள்ள வட்டம் என்றால் கிட்டத்தட்ட எட்டு ஏக்கர்; அவ்வளவு காட்டில் ஒரு வாளியைத் தேட யார் போவார்கள்? மே 1ஆம் தேதி நள்ளிரவோடு அந்தப் பிழையை நிறுத்துவதாக அதிபர் பில் கிளின்டன் அறிவித்தார். உலகெங்கும் மக்கள் கையிலிருந்த பழைய கருவிகள் ஒரே இரவில் ஐந்து, பத்து மடங்கு துல்லியமாகிவிட்டன. அதைச் சோதித்துப் பார்க்கத்தான் அல்மர் வாளியோடு காட்டுக்குப் போனார்.

ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு பிறந்தது அப்படித்தான். இன்று உலகம் முழுவதும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. விதிகளும் பெருகிவிட்டன: மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, தின்பண்டம் வைக்கக் கூடாது. இன்றைய விதிப்படி பார்த்தால் அல்மரின் வாளியே செல்லாது.

இந்த விளையாட்டுக்கோ மலையேற்றத்துக்கோ கைக்கருவி வாங்க நினைப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, ‘எது துல்லியமானது?’ என்பதுதான். மேலே தடையின்றி வானம் தெரியும் மைதானத்தில் எல்லாக் கருவியும் நல்ல கருவிதான். சில மீட்டருக்குள் சரியாகச் சொல்லிவிடும். மரம் மூடும்போதும், பாறை மறைக்கும்போதும், மழை பெய்யும்போதும், பேட்டரி இறங்கும்போதும்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியும். எந்த நேரத்தில் எது கைவிடும் என்று தெரிந்துகொண்டு வாங்குவதே அறிவுடைமை. அதற்குக் கருவிக்குள் நடக்கும் அறிவியல் கொஞ்சம் தெரிய வேண்டும்.

நேரத்தை அளந்து தூரம் சொல்வது

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் யாரிடமும் ‘நீ இங்கே இருக்கிறாய்’ என்று சொல்வதில்லை. நாம் இருப்பதே அதற்குத் தெரியாது. ‘நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது’ என்று சொல்லிக்கொண்டே சுற்றுகிறது, அவ்வளவுதான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அந்தச் செய்தி நம்மை வந்தடைய ஒரு நொடியில் ஏறத்தாழ நூற்றில் ஏழு பங்கு நேரம் ஆகிறது. அந்தத் தாமதத்தை அளந்து, ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும்.

சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. ஒரு மைக்ரோ நொடி, அதாவது பத்து லட்சத்தில் ஒரு நொடி பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். செயற்கைக்கோளில் அணுக்கடிகாரம் உண்டு. நம் கையிலுள்ள கருவியில் இருப்பதோ மலிவான குவார்ட்ஸ். இதனால்தான் நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன. நீளம், அகலம், உயரம் என இடத்துக்கு மூன்று. கருவியின் கடிகாரம் எவ்வளவு தப்பாக ஓடுகிறது என்று கண்டுபிடிக்க நான்காவது. இன்றைய கருவிகள் அமெரிக்க ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவற்றையும் கேட்கின்றன. வானத்தில் பாதியை மலை மறைத்தாலும் மீதிப் பாதியில் நான்கு கிடைத்துவிடும். பல தொகுதிகளைக் கேட்கும் கருவியை வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

வந்து சேரும் சிக்னல் எவ்வளவு பலவீனமானது என்பதையும் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் அனுப்புவது சில பத்து வாட். அது பூமியின் ஒரு பாதி முழுவதும் பரவி நம் கருவியைத் தொடும்போது மிஞ்சுவது ஒரு வாட்டில் ஏறத்தாழ நூறு கோடி கோடியில் ஒரு பங்கு. கருவியின் சொந்த மின்னிரைச்சலே அதைவிடப் பெரிது. என்ன குறியீடு வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால் மட்டுமே அந்த இரைச்சலுக்குள்ளிருந்து கருவி அதைப் பிரித்தெடுக்கிறது. இவ்வளவு மெலிந்த அலைக்கு நீர் பெரிய எதிரி. இலை என்பது பெரும்பாலும் நீர்தான். மழையில் நனைந்த இலை இன்னும் மோசம். மனித உடலும் அப்படியே. கருவியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடப்பவர் பாதி வானத்தைத் தானே மறைத்துக்கொள்கிறார்.

காற்றும் பாறையும் செய்யும் பிழை

இரண்டு பிழைகள் முக்கியமானவை. ஒன்று மேலே, அயனி மண்டலத்தில் நிகழ்வது. சூரியக் கதிர்கள் அங்குள்ள அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன; அந்த எலெக்ட்ரான் கூட்டத்தைக் கடக்கும்போது சிக்னல் தாமதிக்கிறது. எவ்வளவு தாமதம் என்று கணிக்க ஒரு சூத்திரத்தைச் செயற்கைக்கோளே அனுப்புகிறது. ஆனால் அது சராசரியாகப் பாதிப் பிழையைத்தான் நீக்கும்.

இரண்டாவது தரையில் நிகழ்வது. கோயில் பிரகாரத்தில் கூப்பிட்ட குரல் தூணிலும் மதிலிலும் பட்டு இரண்டு மூன்றாகக் கேட்பதைப் போல, பாறையிலும் கட்டடச் சுவரிலும் பட்டுத் திரும்பிய சிக்னல் நேராக வந்ததோடு கலந்துவிடுகிறது. திரும்பி வந்தது அதிக தூரம் பயணப்பட்டிருக்கும். கருவி அதை நம்பிவிட்டால் நாம் நிற்காத இடத்தில் நிற்பதாகக் காட்டும்.

இந்த இரண்டு பிழைகளுக்கும் ஒரே மருந்து, இரட்டை அலைவரிசை. பழைய கருவிகள் எல்1 என்ற 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையை மட்டும் கேட்டன. புதியவற்றில் சில, எல்5 என்ற 1176.45 மெகாஹெர்ட்ஸ் அலையையும் கேட்கின்றன. அயனி மண்டலத் தாமதம் அலைவரிசையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். கணக்குப் போட்டால் எல்5 அலை எல்1 அலையைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு தாமதிக்கும். ஒன்றாகக் கிளம்பிய இரண்டும் எவ்வளவு இடைவெளியில் வந்தன என்று பார்த்தாலே மொத்தத் தாமதம் தெரிந்துவிடும். அடுத்து, எல்1 அலையிலுள்ள பொதுக் குறியீட்டின் ஒவ்வொரு துடிப்பும் சுமார் 293 மீட்டர் நீளம். எல்5இல் அது பத்தில் ஒரு பங்கு. துடிப்பு குறுகலாக இருப்பதால் நேராக வந்ததையும் எதிரொலித்து வந்ததையும் பிரித்தறிவது எளிது.

ஓரிகன் காட்டில் டப்பா தேடுபவரைவிட நமக்கு இது அதிகம் தேவை. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனை வழியாகப் போகிறது. இந்தியாவின் முதல் ராக்கெட் தளத்துக்குத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதனால்தான். சூரியன் மறைந்த பிறகு இந்தக் கோட்டுக்கு மேலே அயனி மண்டலத்தில் எலெக்ட்ரான் குறைந்த குமிழ்கள் உருவாகி, மேலெழுந்து வடக்கும் தெற்குமாகப் பரவுகின்றன. அவற்றைக் கடக்கும் சிக்னல் ஏறி இறங்கித் தடுமாறும். சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இது கூடுதலாக இருக்கும். மாலையில் மலையிலிருந்து இறங்கும்போது கருவி கொஞ்ச நேரம் குழம்பினால் அது பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை.

விமானப் போக்குவரத்துக்காக இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த ககன் என்ற திருத்தச் சேவையும் நம் வானில் இருக்கிறது. அமெரிக்காவின் வாஸ் சேவையின் அதே முறையில்தான் ககனும் திருத்தங்களை அனுப்புகிறது. கருவியின் செட்டிங்கில் வாஸ் என்று ஒரு வரி இருந்தால் அதை இயக்கத்தில் வைத்திருங்கள்.

திரையில் தெரியும் வட்டம்

கருவியில் ‘துல்லியம் 3 மீட்டர்’ என்று ஓர் எண் தெரியும். அது கருவியின் சொந்த மதிப்பீடு. இருக்கும் செயற்கைக்கோள்களின் அமைப்பையும் சிக்னலின் வலுவையும் வைத்து அது ஊகிக்கிறது. பாறையில் பட்டு வந்த சிக்னலை நம்பி ஏமாந்திருந்தால் ஏமாந்தது அதற்கே தெரியாது. உண்மையான இடம் அந்த வட்டத்துக்கு வெளியேயும் இருக்கலாம்.

டப்பா தேடுபவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒளித்து வைத்தவரின் கருவி 5 மீட்டர் பிழையோடு இடத்தைக் குறித்திருக்கும். தேடுபவரின் கருவியிலும் 5 மீட்டர் பிழை. இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்பதால் சேர்ந்து ஏறத்தாழ 7 மீட்டர் ஆகிறது. கெட்ட நாளில் பத்து. எனவே அம்புக்குறி பூஜ்யத்தைக் காட்டும் புள்ளியில் நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பத்து மீட்டருக்குள் வந்ததும் கருவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, டப்பாவை ஒளித்தவர் எங்கே வைத்திருப்பார் என்று சுற்றிலும் பார்ப்பதுதான் அனுபவசாலிகளின் வழக்கம். வேர்ப்பொந்து, ஒழுங்காக அடுக்கிய கல், காரணமில்லாமல் குவிந்த சருகு ஆகியவற்றில் ஒன்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஒளித்து வைப்பவருக்குப் பொறுப்பு அதிகம். பல கருவிகளில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுக்கும் வசதி இருக்கிறது. ஒரேயடியாக நின்று அளப்பதைவிட, ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி வந்து அளப்பது மேல். அதற்குள் செயற்கைக்கோள்கள் இடம் மாறியிருக்கும். முதல் அளவின் பிழையும் இரண்டாவதன் பிழையும் ஒரே பக்கம் சாயாது.

செல்போன் போதாதா?

தொடங்குபவருக்குப் போதும். 2018இல் ஷாவ்மி எம்ஐ 8 போனில் இரட்டை அலைவரிசை வந்துவிட்டது. இன்று பல போன்களில் இருக்கிறது. நெட்வொர்க் இல்லாத காட்டில் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்ற நம்பிக்கை தவறு. செயற்கைக்கோளைக் கேட்க டவர் தேவையில்லை. செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலைப் போன் இணையம் வழியாக நொடியில் எடுத்துக்கொள்கிறது. இணையம் இல்லாவிட்டால் வானத்திலிருந்தே மெதுவாகக் கேட்டுப் பெற வேண்டும், அவ்வளவே வித்தியாசம். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டியது மட்டும் நம் பொறுப்பு.

போன் தோற்பது வேறு இடங்களில். உச்சி வெயிலில் அதன் திரை மங்கிவிடும். கைக்கருவியின் திரை வெயிலையே பிரதிபலித்து ஒளிர்வதால் வெயில் ஏற ஏற நன்றாகத் தெரியும். ஈரக் கையிலும் கையுறையிலும் தொடுதிரை சொன்னபடி கேட்காது. ஒரு நாள் முழுக்க வழியைப் பதிவுசெய்தால் மாலைக்குள் பேட்டரி காலி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்தில் உதவிக்கு அழைக்க வேண்டியதும் அதே போன்தான். வழிகாட்டவும் உதவி கேட்கவும் ஒரே பேட்டரியை நம்பி மலையேறுவது சரியில்லை. தனிக் கருவி வாங்குவதற்கு என்னைக் கேட்டால் இதுவே முதல் காரணம்.

கருவியைப் புரட்டிப் பார்த்தல்

முதலில் ஆன்டெனா. கார்மின் நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 60, 64 போன்றவற்றின் தலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பது சுருள் வடிவ ஆன்டெனா. கருவியை நட்டுக்குத்தலாகப் பிடித்தால் நன்றாகக் கேட்கும். முளை இல்லாத சிறிய கருவிகளில் பெரும்பாலும் சதுரமான தட்டை ஆன்டெனா இருக்கும். திரை வானத்தைப் பார்க்கும்படி படுக்கையாகப் பிடிக்க வேண்டும். இது தெரியாமல் மாற்றிப் பிடித்துவிட்டுக் கருவியைக் குறை சொல்பவர்கள் உண்டு. தோளில் மாட்டிக்கொண்டு அடர்காட்டில் நடப்பவருக்குச் சுருள் ஆன்டெனா பொருந்தும்.

அடுத்து திசைகாட்டி. கார்மின் ஈட்ரெக்ஸ் 10 போன்ற விலை குறைந்த கருவிகளில் மின்னணுக் காந்தத் திசைகாட்டி கிடையாது. நாம் நகரும்போது அடுத்தடுத்த இடங்களை ஒப்பிட்டுத்தான் அவை திசையை அறிகின்றன. நின்றால் அம்புக்குறி சும்மா சுழலும். நெடுவழி நடப்பவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. டப்பா தேடுபவருக்கோ இரண்டடி நடந்து, நின்று, திரும்பிப் பார்க்கும் அந்தக் கடைசிப் பத்து மீட்டர்தான் விளையாட்டே. மூன்று அச்சுத் திசைகாட்டி உள்ள கருவியை அவர் கூடுதல் பணம் கொடுத்தாவது வாங்கலாம். பேட்டரி மாற்றும்போதெல்லாம் அதைச் சுழற்றி அளவு சரிசெய்துகொள்ள வேண்டும்.

உயரத்தைப் பொறுத்தவரை ஜிபிஎஸ் இயல்பிலேயே பலவீனமானது. செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேதான் இருக்கின்றன. பூமி மறைப்பதால் கீழிருந்து ஒன்றும் கிடைப்பதில்லை. அதனால் உயரத்தில் வரும் பிழை கிடைமட்டப் பிழையைவிட அதிகம். காற்றழுத்தமானி உள்ள கருவி இதை ஈடுகட்டும். கடல் மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் குறைந்தால் சுமார் எட்டு மீட்டர் ஏறியிருக்கிறோம் என்று பொருள். வானிலை மாறினாலும் அழுத்தம் மாறும் என்பதால் உயரம் தெரிந்த இடத்தில் அவ்வப்போது திருத்திக்கொள்ள வேண்டும். மலையேறுபவருக்கு இது பயன்படும். சமவெளியில் டப்பா தேடுபவர் இதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

பேட்டரியில் இரண்டு கட்சி உண்டு. உள்ளேயே பொருத்திய லித்தியம் பேட்டரியோடு வரும் ஜிபிஎஸ்மேப் 67 ஒருமுறை சார்ஜ் செய்தால் 180 மணி நேரம் வரை ஓடும் என்கிறது கார்மின். மறுபக்கம், சுவர்க் கடிகாரத்தில் போடும் ஏஏ பேட்டரியில் ஓடும் கருவிகள். அவற்றுக்கான பேட்டரி மலையடிவாரப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். இமயமலைக் குளிருக்குப் போகிறவர் சாதாரண ஆல்கலைன் பேட்டரியை நம்பக் கூடாது. மறுசார்ஜ் செய்யும் நிக்கல் வகையோ லித்தியம் ஏஏ வகையோ எடுத்துப் போக வேண்டும். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது என்று அர்த்தம். மிதக்கும் என்று அர்த்தமில்லை. பரிசலில் போகிறவர்கள் கயிறு கட்டிக்கொள்ளட்டும்.

எண்ணைத் தட்டுவதற்கு முன்

விலை உயர்ந்த கருவியையும் பயனற்றதாக்கும் தவறு ஒன்று உண்டு. அல்மரின் வாளிக்குத் திரும்பப் போவோம். 45° 17.460' என்பது 45 பாகை, 17.460 கலை. ஒரு பாகைக்கு 60 கலை. பாகையாக மட்டும் எழுதினால் இது 45.29100. பாகை வடிவத்துக்கு வைக்கப்பட்ட கருவியில் ஒருவர் 45.17460 என்று தட்டினால் தெற்கே 13 கிலோமீட்டர் தள்ளிப் போவார். மேற்கு எண்ணையும் அப்படியே தட்டினால் கிழக்கேயும் 13 கிலோமீட்டர். கருவி எந்த எச்சரிக்கையும் தராது. தவறான இடத்துக்கு மிகத் துல்லியமாகக் கூட்டிப் போகும். கடைசி இலக்கமான ஆயிரத்தில் ஒரு கலை, வடக்குத் தெற்கில் வெறும் 1.85 மீட்டர். விளையாட்டில் இந்த வடிவம் வழங்குவதற்கு அந்த நுட்பம் போதுமானதாக இருப்பதும் ஒரு காரணம்.

டேட்டம் என்ற செட்டிங்கும் அப்படித்தான். பூமி எந்த வடிவம், எங்கிருந்து அளக்கிறோம் என்ற அடிப்படை அது. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. பழைய அமெரிக்க வரைபடங்கள் 1927ஆம் ஆண்டு அடிப்படையில் வரையப்பட்டவை. இரண்டையும் கலந்தால் ஓரிகன் பகுதியில் சுமார் நூறு மீட்டர் விலகும். ராணுவம் நிறுத்திய பிழையை நாமே திரும்பக் கொண்டுவந்ததாகிவிடும்.

பழைய கருவியும் சட்டமும்

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் கருவியை மொட்டைமாடியில் வைத்து, சிக்னல் பிடித்த பிறகு தேதியைப் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரைதான் எண்ணும். பிறகு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரல் 6இல் அப்படி நடந்தது. சில பழைய கருவிகள் இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டுத் தேதியைச் சுமார் இருபது ஆண்டு பின்னால் காட்டும். பேட்டரி வைக்கும் இடத்தில் பச்சை பூத்திருக்கிறதா, ரப்பர் பட்டன்கள் பிசுபிசுக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். வெகுதூரத்திலிருந்து வந்த கருவி முதல் முறை இடம் பிடிக்கக் கால் மணி நேரம் ஆகலாம். செயற்கைக்கோள்களின் முழுப் பட்டியலும் வானத்திலிருந்து இறங்க 12.5 நிமிடம் தேவை.

வெளிநாட்டு உறவினரிடம் வாங்கிவரச் சொல்பவர்கள் மாடலின் பெயரைக் கடைசி எழுத்து வரை படிக்க வேண்டும். ஜிபிஎஸ்மேப் 67 வெறும் வழிகாட்டும் கருவி. 67ஐ என்பதில் இரிடியம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் வசதி சேர்ந்திருக்கிறது. முன் அனுமதியின்றி அத்தகைய செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை இந்தியாவுக்குள் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் குற்றம். விமான நிலையத்திலேயே கைதான பயணிகள் இருக்கிறார்கள். அதேபோல, காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். பொது இடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் டப்பா புதையல் தேடுபவருக்கு முன்னால் காவல்துறையை வரவழைத்துவிடும். இடத்துக்கு உரியவரைக் கேட்காமல் எதையும் ஒளிக்காதீர்கள்.

எதை வாங்குவது?

இதுவரை சொன்னதைத் தொகுத்துக்கொள்வோம். விளையாட்டாகத் தொடங்குபவர் எதையும் வாங்க வேண்டாம். போனில் சில டப்பாக்களைக் கண்டுபிடித்துப் பார்க்கட்டும். ஆசை நிலைத்தால் பட்டன், ஏஏ பேட்டரி, பல செயற்கைக்கோள் தொகுதிகள், மூன்று அச்சுத் திசைகாட்டி ஆகிய நான்கும் உள்ள கருவி போதும். அடர்காட்டிலும் பள்ளத்தாக்கிலும் நடப்பவர் இரட்டை அலைவரிசைக்குக் கூடுதலாகச் செலவழிக்கலாம். தென்னிந்தியாவில் அந்தச் செலவு வீணாகாது. தொடுதிரை, கேமரா, பளபளக்கும் வண்ண வரைபடம் ஆகியவற்றுக்காக விலையை ஏற்ற வேண்டாம். எந்தக் கருவியை வாங்கினாலும் காகித வரைபடம் ஒன்றையும் காந்த ஊசித் திசைகாட்டி ஒன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு பேட்டரி தேவையில்லை.